கை கொடுக்கிற ஞாயிறு

எங்கள் ஓட்டுக் கோயிலில் வருஷத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமைக்குத் தனிப் பெயர் உண்டு. மற்ற ஊர் மெதடிஸ்டுகள் அதை உடன்படிக்கை ஆராதனை என்பார்கள். நாங்கள் கை கொடுக்கிற ஞாயிறு என்போம்.

சபை தொடங்கிய காலத்தில், பிள்ளையார்பாளையத்து நெசவாளர்களில் முதலில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் ஒரு அண்ணனும் தம்பியும். பாகப்பிரிவினையில் வீட்டுக்கு நடுவே சுவர் எழுப்பியபோது தறிக்குழி பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமும் போய்விட்டது. இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அந்த வருஷம் முதல் ஞாயிறு, வெள்ளைக்காரப் பாதிரியார் திருவிருந்து மேசையில் அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் வெள்ளைத் துணியால் மூடிவிட்டு, இவர்கள் கை கொடுத்தால்தான் துணியை எடுப்பேன் என்று நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாராம். சபையும் உட்கார்ந்திருந்தது. குழந்தைகள் பசியில் அழுதன. பொழுது சாயும் நேரத்தில் தம்பி எழுந்து போய் அண்ணன் கையைப் பிடித்தான். பாசத்தில் பிடித்தானா பசியில் பிடித்தானா என்று எங்கள் ஆட்கள் இன்னும் சிரித்துக்கொண்டு கேட்பார்கள்.

அன்றிலிருந்து அது சட்டமாகிவிட்டது. முதல் ஞாயிறு மேசைக்குப் போகுமுன் போதகர் கேட்பார்: யாருக்காவது யார்மேலாவது குறை உண்டா? குறை உள்ளவர் எழுந்து நின்று பெயர் சொல்ல வேண்டும். பெயர் சொல்லப்பட்டவரும் எழ வேண்டும். இருவரும் சபைக்கு முன்னால் கை கொடுத்தால் சேர்ந்து மேசைக்குப் போகலாம். கொடுக்காவிட்டால் இரண்டு பேருக்குமே அந்த வருஷம் முழுக்க அப்பமும் இல்லை, ரசமும் இல்லை. மேசை இல்லாதவர் சபையில் பொறுப்பு வகிக்க முடியாது. மேசைக்கு வெளியே நிற்கும்போது செத்தால் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்குள் இடம் கிடையாது. குறை சொன்னவரை, அந்தக் குறை தீரும்வரை, சபையிலிருந்து நீக்கவும் முடியாது.

பெரும்பாலும் சின்னச் சண்டைகள்தான். கோழி, குழாயடி, இரவல் வாங்கிய பட்டுப்புடவையில் விழுந்த எண்ணெய்க் கறை. சனிக்கிழமையே வீடு வீடாகப் போய்ப் பேசி முடித்துவிடுவார்கள். ஞாயிறு எழுந்து நிற்பது பெரிய விஷயம். நான் பன்னிரண்டு முறை எழுந்து நின்றேன்.

என் வீட்டுக்காரர் பெயர் கலியன். சிறு வயதிலிருந்து பரஞ்சோதி முதலியாரின் தறியில் நெய்தவர். முதலியார், நான் சொன்ன அந்த அண்ணனுடைய பேரன். பட்டு வியாபாரி, சபை நிர்வாகத்தைப் பார்க்கிற ஸ்டுவர்ட். அப்பத் தட்டை மேசையிலிருந்து எடுத்துப் போதகர் கையில் கொடுப்பவர் அவர்தான். அருமையான குரல். அவர் ஜெபம் செய்தால் அவருக்கும் கண் கலங்கும், கேட்கிறவர்களுக்கும் கலங்கும். நானும் கலங்கியிருக்கிறேன்.

அறுபத்தொன்றாம் வருஷம் ஆவணியில் முகூர்த்தங்கள் நெருங்கி வந்தன. புடவைகள் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் தறியில் உட்காரச் சொன்னார் முதலியார். மற்றவர்கள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும், "ஞாயித்துக்கெழமை என் காலு குழியில எறங்காதுங்க முதலியாரே" என்றார். தறியில் ஏற்றியிருந்த பாவு நூலை நெய்து முடித்துக் கொடுத்துவிட்டு அடுத்த தெருவில் ராமலிங்கத்திடம் வேலைக்குப் போய்விட்டார்.

ராமலிங்கம் நெற்றி நிறைய விபூதி பூசுகிற மனுஷன். சேர்ந்த அன்றே ஞாயிறு வரமாட்டேன் என்று என் வீட்டுக்காரர் சொன்னதற்கு அவர், "நீ எந்த சாமிக்கு லீவு எடுத்தா எனக்கு இன்னாபா? இழை அறுக்காம நெய்யி, போதும்" என்று சொன்னாராம். அதை வீட்டில் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஆயுத பூஜை வந்தது. அன்றைக்கு என் வீட்டுக்காரர் வேலைக்குப் போகவில்லை. மறுநாள் போனபோது, ராமலிங்கத்தின் மனைவி காமாட்சியம்மாள் எல்லாத் தறிக்கும் வைத்த மாதிரி இவருடைய தறி மரத்திலும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தாள். இவர் உட்கார்ந்து நெய்தார். அவ்வளவுதான் நடந்தது.

அடுத்த மாதம் சபைக் கூட்டத்தில் முதலியார் எழுந்தார். நான் பெண்கள் பக்கத்துப் பாயில் உட்கார்ந்திருந்தேன்.

"கலியா, உன் தறியில பொட்டு இருந்துதா?"

"இருந்துதுங்க."

"அழிச்சியா?"

"இல்லிங்க."

"ஏன் அழிக்கல?"

"அது அவங்க தறிங்க. அந்தம்மா அவங்க கையால வெச்சது. நான் எப்டிங்க அழிக்கறது?"

இல்லை என்று ஒரு வார்த்தை பொய் சொல்லியிருந்தால் போதும். யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? அந்தப் பொய் அவருக்கு வரவில்லை. விக்கிரகத்துக்கு முன் வேலை செய்தான் என்று முதலியார் சொன்னார். சொல்லும்போது குரல் தழுதழுத்தது. அம்மன் கோயில்களுக்குச் சாத்துகிற புடவைகளை விற்கிற மனுஷன்தான் அவர். அதை அங்கே ஒருவரும் பேசவில்லை. பேசக்கூடியவர்கள் எல்லோரும் அவர் தறியில் நெய்கிறவர்கள். போதகர் கிழவர், தலையைக் குனிந்துகொண்டார். கலியனைச் சபையிலிருந்து நீக்கினார்கள்.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு ஞாயிறும் அவர் துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பார். மணி அடித்து நிற்கும். அப்புறம் சட்டையைக் கழற்றி மடித்து வைப்பார். ஒரு நாளும் ஒரு குறை சொன்னதில்லை. குறை சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும். அவர் பேசாதது எல்லாம் எனக்குள் வந்து தங்கிவிட்டது.

நெஞ்சுச் சளியில் ஆரம்பித்தது. மாசியில் போய்விட்டார். சபையில் யார் செத்தாலும் மணி அடிப்பார்கள். அன்றைக்கு அடிக்கவில்லை. நான் முதலியார் வீட்டு வாசலுக்குப் போனேன். சுவருக்குள் ஒரு மூலையில் இடம் கேட்டேன். அவர் நிலைப்படியில் நின்றுகொண்டு, அன்பாகத்தான், சொன்னார்:

"மரியம்மா, சட்டம் நான் போட்டதா? மேசைக்கு வராதவனுக்கு உள்ள எடமில்ல. எனக்கே ஆனாலும் அதான்."

செவிலிமேட்டைத் தாண்டிப் பாலாற்றங்கரையில் வைத்தோம். ராமலிங்கமும் அவரிடம் நெய்கிற மூன்று பேரும் தூக்கி வந்தார்கள். குழியில் இறக்கியதும் ராமலிங்கம் தலைத் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "உங்க ஜெபம் எனக்கு வராதும்மா. நீயே சொல்லிடு" என்றார். எனக்கும் வரவில்லை. மணலில் காற்று அடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு எல்லோரும் சும்மா நின்றோம். குழிக்கு ஒரு பக்கம் கரை சரிந்து ஆற்றுக்குப் போகிறது. இன்னொரு பக்கம் ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு இடம், அதற்கு அப்பால் கருவேலம் புதர். அந்த இடத்தைப் பார்த்தேன். அது எனக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது முதலியார் சொன்ன கடைசி வாக்கியம் மட்டும் காதில் இருந்தது. எனக்கே ஆனாலும் அதான். சரி, ஆகட்டும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

அறுபத்துமூன்றாம் வருஷம் முதல் ஞாயிறு. போதகர் வழக்கமான கேள்வியைக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் மேசைப் பக்கம் திரும்பினார். நான் எழுந்தேன்.

"எனக்குக் குறை உண்டு ஐயரே." எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம்.

"யார் மேலம்மா?"

"பரஞ்சோதி முதலியார் மேல."

அவர் அப்பத் தட்டின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். சிரித்த முகமாக என்னிடம் வந்து கையை நீட்டினார். அதைத்தான் யாரும் எதிர்பார்க்கவில்லை. சட்டென்று நீட்டிவிட்டால் நான் என்ன செய்வேன் என்று கணக்குப் போட்டிருப்பார். மோதிரம் போட்ட கை. சுத்தமான நகங்கள். நான் என் இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

போதகர் கேட்டார். "கை குடுக்க மனசிருக்குதாம்மா?"

"இல்லிங்க ஐயரே."

நீட்டிய கை அப்படியே இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்தக் கை கீழே இறங்குவதை நான் முழுவதும் பார்த்தேன். தட்டை வேறு ஒருவர் எடுத்தார். முதலியார் பெஞ்சுக்குத் திரும்பி நடந்தபோது அவருடைய செருப்பில்லாத கால் தரையில் ஒட்டி ஒட்டி வந்த சத்தம் கேட்டது. அன்று நான் வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன். என் வீட்டுக்காரர் போனபிறகு அன்றுதான் சோற்றில் ருசி தெரிந்தது.

அதற்குப்பின் வருஷா வருஷம். மற்றவர்களுக்குக் கிறிஸ்துமஸ் பண்டிகை, எனக்கு அடுத்து வருகிற அந்த ஞாயிறு பண்டிகை. நான் சபையை விடவில்லை. ஒரு ஞாயிறு தவறியதில்லை. விட்டிருந்தால் எழுந்து நிற்கிற உரிமை போயிருக்கும். பட்டு நூல் இழைத்துப் பிழைத்தேன், சாயங்காலம் கிடைத்ததைப் படித்தேன், பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். பேச்சில் கோபம் கரைந்துவிடும். எனக்கு அது கரையக்கூடாது.

முதலியாரின் ஸ்டுவர்ட் பதவி போனது. இரண்டாவது வருஷம் அவர் வீட்டுப் பெண்கள் பழத்தட்டோடு வந்தார்கள். மூன்றாவது வருஷம் மாகறலில் இருக்கிற என் அண்ணன் முருகேசனைப் பிடித்து அனுப்பினார்கள். "அவுரு பெரிய மனுஷன்டி. வயசாயிடுச்சி. நீ இன்னா பெரிய ராணியா?" என்றான் அண்ணன். "ஆமா, வருஷத்துல ஒரு நாளு" என்றேன். அவன் என் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ்ஸுக்குப் போனான்.

கலியனின் எலும்புகளை எடுத்து வந்து சுவருக்குள் வைத்துவிடுகிறோம், முதலியாரே செலவையும் பார்த்துக்கொள்வார் என்றும் கமிட்டியிலிருந்து சொல்லிப் பார்த்தார்கள். நான் சொன்ன பதில் தெருவெல்லாம் பரவியது. "எங்க ஆளு அங்கியே இருக்கட்டும். முதலியாரு அங்க வரணும். அதான் எனக்கு வேணும்." கல் நெஞ்சுக்காரி என்றார்கள். அது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

அறுபத்தொன்பதில் இளங்கோவன் என்ற புதுப் போதகர் வந்தார். இளைஞர், படித்தவர். இந்த வழக்கமே தப்பு, மன்னிப்பைச் சட்டத்தால் பிடுங்கக்கூடாது என்று பிரசங்கம் செய்தார். வழக்கத்தை எடுத்துவிடலாமா என்று கூட்டத்தில் கேட்டார். ஆண்கள் பக்கம் பாதிக் கைகள் தூக்கியாகிவிட்டது. அப்போது பின்பாயில் இருந்த பெரியநாயகி எழுந்தாள். முதலியார் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள், எல்லோருக்கும் பயந்த சுபாவம்.

"ஐயரே, ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத. ஸ்டுவர்ட்டு தேர்தல்ல எனக்கு ஓட்டு இருக்குதா?"

"பொம்பளைங்களுக்கு இங்க அந்த வழக்கம் இல்லையேம்மா."

"கமிட்டியில உக்கார முடியுமா?"

"இப்போதைக்கு இல்ல."

"வருஷத்துல ஒரு நாளு எழுந்து நின்னு பேரு சொல்றேன்பா. இவுங்க எல்லாம் அந்த ஒரு நாளுக்குத்தான் மீதி நாளு எங்கள மனுஷியா பாக்கறாங்க. அதியும் எடுத்துக்கினு போனா, அப்பால எங்ககிட்ட இன்னா இருக்குது?"

பின்பாய் முழுவதும் ஆமாம் ஆமாம் என்றது. "அவ சொல்றது நாயம்தான்பா. எங்க வூட்டு மாமியாரே டிசம்பர் மாசம்தான் எனக்கு மரியாத குடுக்குது" என்று ஒருத்தி சொல்ல எல்லோரும் சிரித்துவிட்டார்கள். தூக்கிய கைகள் இறங்கின. முதலியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பார்வையை எடுக்கவில்லை.

எழுபத்துமூன்று ஐப்பசியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் போயின. வாயும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. இந்தக் குளிர்காலம் தாண்டமாட்டார் என்று டாக்டர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். நான் நூல் இழைக்கிற ராட்டையைச் சுற்றிக்கொண்டு அந்தச் செய்தியைக் கேட்டேன். கை நிற்கவில்லை. இன்னும் கொஞ்ச நாள். சுவருக்கு வெளியே.

கார்த்திகையில் ஒரு மத்தியானம் முதலியாரின் மகள் கலாவதி வந்தாள். பழத்தட்டு இல்லாமல் வெறுங்கையோடு வந்தாள். அவளை எனக்குப் பிடிக்கும். அப்பாவுக்குப் பிறந்தது அவள் தப்பில்லை.

"கை குடுக்கச் சொல்லிக் கேக்க வரலக்கா. ஒண்ணு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். அப்பா உங்க இஷ்டப்படியே ஆகட்டும்னுட்டாரு."

"எந்த இஷ்டம்?"

"பாலாத்தங்கரையிலயே வைக்கச் சொல்லிட்டாருக்கா. கலியன் அண்ணன் பக்கத்துலயே. எடம் பாத்து வெட்டவும் சொல்லிட்டாரு."

அவள் போனபிறகு நான் சந்தோஷப்படப் பார்த்தேன். இத்தனை வருஷம் கேட்டது கிடைத்துவிட்டது. ராட்டையை இரண்டு சுற்று சுற்றினேன். அப்படியே விட்டுவிட்டு எழுந்து, கதவைக்கூடச் சரியாகச் சாத்தாமல், செவிலிமேடு பஸ் ஏறினேன்.

கருவேலம் புதர் வெட்டப்பட்டிருந்தது. என் வீட்டுக்காரரின் மேட்டுக்குப் பக்கத்தில், நான் எனக்கென்று நினைத்திருந்த இடத்தில், ஆழமாக ஒரு குழி. உள்ளே செங்கல் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தான் ஒரு கொத்தனார். கரையில் சிமெண்டு மூட்டை, வழுவழுப்பான கறுப்புக் கல் ஒன்று. என் வீட்டுக்காரரின் மேட்டுக்கு யாரோ சுண்ணாம்பு அடித்திருந்தார்கள்.  அவர் மேல் அந்த வீட்டுக் கை பட்டிருக்கிறது.

"யாரைக் கேட்டு வெட்டுன?" என்றேன்.

கொத்தனார் குழிக்குள்ளிருந்தே நிமிர்ந்து பார்த்தான். "பொறம்போக்கும்மா. யாரக் கேக்கணும்?"

"அது யாரு தெரியுமா, பக்கத்துல?"

"தெரியாதும்மா. பெரியவரு கூட யாரோ வேல செஞ்ச ஆளுன்னாங்க. பெரியவருக்கு மேல கொட்டாய் போட்டு, வருஷா வருஷம் சபையே இங்க வந்து ஜெபம் பண்ணப் போவுதாம். இந்த மேட்டையும் சேத்துச் சுவர் வெச்சிடலாம்னாங்க."

நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். கொத்தனார் வேலையைப் பார்த்தான். ஆற்றில் தண்ணீர் இல்லை. தூரத்தில் ஒருவன் மாட்டுவண்டியில் மணல் வாரிக்கொண்டிருந்தான். பொழுது இறங்குகிறவரை உட்கார்ந்திருந்தேன்.

என் வீட்டுக்காரருக்கு அவர்கள் கொடுக்காத சுவர் இப்போது அவரைத் தேடி இங்கே வருகிறது. முதலியார் வந்து படுத்ததும் இது முதலியாரின் இடமாகிவிடும். மணியும் பாட்டும் மெழுகுவத்தியும் வரும். கலியன் செத்தபிறகும் இவர் தறியில் நெய்தவனாகவே இருப்பான். நான்? நான் எங்கே படுப்பேன்? நான் பதினோரு வருஷம் கேட்டது இதைத்தான். அவர் அங்கே வரவேண்டும் என்று என் வாயால்தான் சொன்னேன்.

மார்கழி முழுவதும் தூக்கம் இல்லை. அவர் மனம் திருந்தித்தான் இதைச் செய்தாரா, நான் கேட்ட தண்டனையைத் தாமாக வாங்கிக்கொள்கிறாரா, அல்லது என்னைத் தோற்கடிக்க அவருக்குக் கிடைத்த கடைசி வழி இதுவா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். படுக்கையில் கிடக்கிற ஒரு கிழவனின் மனசுக்குள் போய்ப் பார்க்க எனக்கு வழியில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. அவரை ஆற்றங்கரைக்கு வராமல் நிறுத்த உலகத்தில் ஒரே ஒரு வழிதான் உண்டு. அவரைச் சுவருக்குள் அனுப்பவேண்டும். அது என் கையில்தான் இருந்தது.

எழுபத்துநான்கு, முதல் ஞாயிறு. சபைக்கு அது எழுபத்தைந்தாம் வருஷம், பவள விழாத் தோரணம் கட்டியிருந்தார்கள். முதலியாரை நாற்காலியோடு தூக்கிவந்து மேசையைச் சுற்றிய கிராதிக்கு முன்னால் வைத்தார்கள். இளங்கோவன் கேள்வியைக் கேட்டார். நான் எழுந்தேன். எல்லோரும் ஏற்கெனவே என் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கை குடுக்க மனசிருக்குதாம்மா?" அவர் கேட்ட தொனியிலேயே பதிலை எதிர்பார்க்காதது தெரிந்தது.

நான் பாயைவிட்டு நடந்தேன்.  முதலியார் நல்ல கையைத் தூக்கினார். மோதிரம் இல்லை, விரல் மெலிந்து கழன்றிருக்கும். நான் குனிந்து அந்தக் கையைப் பிடித்தேன். காகிதம் மாதிரி இருந்தது. அவர் காதருகே என் வாயை வைத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவரிடம் ஒருமையில் பேசினேன்.

"நீ அங்க வரக்கூடாது. அதுக்குத்தான் இது. வேற ஒண்ணியும் நெனச்சிக்காத."

இழுத்துக்கொண்ட வாய் அசைந்தது. வார்த்தைகள் குழறித்தான் வந்தன, எனக்கு மட்டும் கேட்டது.

"தெரியும் மரியம்மா. அதுக்குத்தான் வெட்டச் சொன்னேன்."

என் விரல்கள் தாமாகத் திறக்கப் பார்த்தன. அந்த மெலிந்த கை என் கையை இறுக்கியது, எங்கிருந்து அவ்வளவு பலம் வந்ததோ. நான் உருவிக்கொண்டால் அவர் ஆற்றங்கரைக்குப் போவார். உருவாவிட்டால் மேசைக்குப் போவார். பாதி முகத்தில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அழுதுகொண்டும் இருந்திருக்கலாம், அந்த முகத்தில் இரண்டும் ஒன்றுதான். நான் கையை எடுக்கவில்லை.

பின்னாலிருந்து பெரியநாயகி ஸ்தோத்திரம் என்று கத்தினாள். யாரோ பாட்டைத் தொடங்கினார்கள். சபையே எழுந்து நின்று பாடியது. பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஒரே கிண்ணம். அவர் குடித்தார், போதகர் விளிம்பைத் துணியால் துடைத்துவிட்டு என்னிடம் நீட்டினார். குடித்தேன். பதினோரு வருஷத்துக்குப்பின் கிடைத்த அந்த ரசம் இனித்தது. அது இனித்திருக்கக்கூடாது.

ஆராதனை முடிந்து இளங்கோவன் என்னிடம் வந்தார். கண்கள் சிவந்திருந்தன. "விழா மலர்ல நம்ம சபை வரலாறு எழுதறேம்மா. இன்னிக்கி நடந்ததுதான் அதுக்கு முடிவு. இப்படி ஒரு மன்னிப்ப நான் பாத்ததே இல்ல."

"எழுதிக்கோங்க ஐயரே" என்றேன்.

முதலியார் பங்குனியில் போனார். மணி அடித்தது. நான் வீட்டுக்குள் உட்கார்ந்து, அது நிற்கும்வரை கேட்டேன். சுவருக்குள், தாத்தாவின் கல்லறைக்குப் பக்கத்தில் அவரை வைத்தார்கள். ஊரே போனது. நான் போகவில்லை, எனக்கு உடம்பு சரியில்லை என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள்.

காரியமெல்லாம் முடிந்தபின் கலாவதி வந்தாள். வெள்ளைப் புடவையில் இளைத்துத் தெரிந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். அழவிட்டேன். பிறகு கேட்டாள்:

"அக்கா, ஆத்தங்கரையில அந்தக் குழி சும்மா கெடக்குது. மழ வந்தா ஆடு மாடு உழுந்துரும். மண்ணப் போட்டு மூடிடச் சொல்லட்டா?"

"மூடாத. மேல பலக வெச்சி வுடு. எனக்கு வேணும்."

அவளுக்குப் புரியவில்லை. "உங்களுக்கு இன்னாக்கா இப்ப? உங்களுக்குத்தான் உள்ளயே எடம் இருக்குதே. அண்ணனையும்கூட உள்ள கொண்டாந்துடலாம். இனிமே யாரு வேணாம்னு சொல்லப் போறாங்க?"

நான் ராட்டையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன். அவள் பதிலுக்காகக் காத்திருந்தாள். நல்ல பெண். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"உள்ள உங்கப்பா இருக்காரு" என்றேன்.